இன்னும் பிறக்காத முப்பத்திரண்டு பெட்டிகள்

மெத்தைக் கிடங்கில் தூக்கம் வருவது குற்றமில்லை. ஆனால் அன்று பிற்பகல் 2:10க்குக் கூரையில் இருந்த முப்பத்திரண்டு வைஃபை பெட்டிகளும் ஒட்டுமொத்தமாகக் கண்ணயர்ந்தன. ஸ்கேனர்கள் ஊமையாயின. வாசலில் மூன்று லாரிகள் வாய் பிளந்து நின்றன.

2:50. நெட்வொர்க் பழுது பார்க்கும் பெண் பையோடு உள்ளே வந்தாள். கூரைவரை மெத்தைகள். தன் காலடிச் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை. வெயில் கீற்றில் பஞ்சுத் தூசி மிதந்தது. யாரோ காணும் கனவுக்குள் வழிதவறி நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

முதலாளி தன் அறையில், மெல்ல அதிரும் புதுமாதிரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் வயர் சுற்றிய ஒரு சாம்பல் நிறக் குட்டிப் பெட்டி. அதன்மேல் அவர் மூக்குக்கண்ணாடி.

"இவன்தாம்மா குத்தவாளி! என் பொண்டாட்டி தம்பி. முதல் மெஷின் படுத்தா ரெண்டாவது எந்திரிச்சு வேலை பாக்கணுமா இல்லையா? நேத்து அதை அணைச்சு நோண்டிட்டான். இன்னையோட இவனுக்கு வேலை காலி!"

எலக்ட்ரீசியன் மச்சான் முகம் வெளுத்து நின்றான். "மாமா, ப்ளக்தான் மாத்தினேன். நீங்கதானே மாத்தச் சொன்னீங்க?"

"அக்கா முகத்துக்காக வெச்சிருக்கேன், வாயப் பாரு!"

3:05. மெஷின் அறை. மச்சானும் கூடவே வந்தான். இரண்டு கன்ட்ரோலர்கள், கூரைப் பெட்டிகளுக்கு இரண்டு மேஸ்திரிகள்போல. ஒருவர் விழுந்தால் மற்றவர் ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, காற்றாடி நின்று சூடேறி அணைந்திருந்தது. இரண்டாவதில் பச்சை விளக்கு, கேபிள்கள் சரி. பெட்டிகள் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருந்தன. 'சான்றிதழ் செல்லாது' என்று ஒவ்வொன்றையும் அது விரட்டிக்கொண்டிருந்தது. திரையில் ஓடிய ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு தேதி. ஒன்பது வருடம் பழையது.

"தம்பி, கூரைப் பெட்டிங்க எப்ப வாங்கினது?"

"நாலு வருஷமாச்சுக்கா."

அவள் சிரித்துக்கொண்டே அவனோடு முதலாளி அறைக்குத் திரும்பினாள்.

3:20.

"சார், இந்தக் கட்டில் எப்ப வந்துச்சு?"

"பத்து நாளாச்சு. ஏன், வேணுமா?"

"இதுக்கு ப்ளக் குத்த எதைப் பிடுங்கினீங்க?"

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"உங்க கண்ணாடி உக்காந்திருக்கே, அந்தப் பெட்டியத்தானே?"

"அது சும்மாதானேம்மா கெடந்துச்சு!"

"மெஷினுங்களுக்கு மணி சொல்றதே அதுதான் சார். முதல் மெஷினை யாரும் அணைக்கல, அதனால தேதி மறக்கல. ரெண்டாவதுக்கு உள்ள இருக்கிற பட்டன் பேட்டரி செத்துப்போச்சு. தம்பி அணைச்சுப் போட்டதும் தூக்கத்துலேருந்து எந்திரிச்ச ஆள் மாதிரி முழிச்சிருக்கு. மணி கேட்டா பதில் சொல்ல ஆளில்ல. சரி, ஒன்பது வருஷம் முந்தின நாள்தான்னு முடிவு பண்ணிடுச்சு. வாசல்ல வந்து நிக்கிற பெட்டிங்களோட சான்றிதழ்ல பிறந்த தேதியப் பாத்துச்சு. 'நீங்க இன்னும் பொறக்கவே இல்லையே, போங்க'ன்னுடுச்சு. குத்தவாளி இவரில்ல சார். உங்க மத்தியானத் தூக்கம்."

3:32. கட்டில் நின்றது, குட்டிப் பெட்டி கண் விழித்தது. கிடங்கின் ஏதோ மூலையில் ஒரு ஸ்கேனர் 'கீச்' என்றது. பிறகு இன்னொன்று. முப்பத்திரண்டு பெட்டிகளும் ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டிருந்தன.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "டேய் மச்சான், அக்காகிட்ட சொல்லிடாதே."

"எதை மாமா? தூங்கினதையா, என்னைத் துரத்தப் பாத்ததையா?"

"ரெண்டையும்தான்டா!"

மச்சான் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"இங்க இன்னொரு ப்ளக் பாயிண்ட் போட்டுடறேன் மாமா. கட்டிலும் ஆடட்டும், காலமும் ஓடட்டும்."