சிவப்பில் சொன்ன சொல்

துறைமுக வாயிலில் காலைப் பணிக்கு வந்தவர்கள் இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டியபடி வரிசையாக உள்ளே சென்றுகொண்டிருந்தார்கள். மணிக்கட்டில் இருந்த, உறக்கத்தை அளக்கும் விழிப்புப் பட்டை பச்சையாக ஒளிர்ந்தால் கதவு தானே திறக்கும். மஞ்சள் என்றால் கூட்டுவதும் அடுக்குவதுமான சில்லறை வேலை. சிவப்பு என்றால் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"என்னல லூர்து, இன்னைக்கும் மஞ்சளா? புது மாப்பிள்ளைக்கு இன்னும் தூக்கம் வரலியோ?" என்று வாயிற்காவலர் கேட்டார்.

"நீங்க வேற அண்ணாச்சி! மாமனார் விடுத கொறட்டையில செவுரே ஆடுது."

"மஞ்சப் பேச்சு, மஞ்சப் பேச்சு. செல்லாது!"

வரிசை முழுவதும் சிரித்தது. பின்னால் நின்ற ரெஜினாவும் சிரித்தாள். அவள் பட்டை பச்சை. உள்ளே வரும் கப்பல்களுக்கு வானொலியில் வழி சொல்லும் வேலை அவளுடையது. அந்தப் பச்சையை அவள் கண்ணைப்போல் காத்துவந்தாள்.

உறக்கம் குறைந்தால் முதலில் கவனம் சிதறும். பிறகு நினைவு தவறும். அதன்பின் நண்பன் முகமும் பகைவன் முகமாகத் தெரியும். அரை உறக்கத்தில் இருந்தவர்கள் கப்பல்களைப் பாறையிலும் பேருந்துகளைப் பள்ளத்திலும் விட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பின் வந்ததுதான் தெளிநிலைச் சட்டம். பச்சையில் இல்லாதவர் பொறியைத் தொடக் கூடாது, கையெழுத்திடக் கூடாது, சாட்சி சொல்லக் கூடாது. சட்டம் அலுவலக வாசலோடு நின்றது. வழக்கமோ வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மஞ்சளில் கணவன் கத்தினால் மனைவி பொருட்படுத்த மாட்டாள். சிவப்பில் பிள்ளை சொன்ன சுடுசொல்லைத் தாய் மறுநாள் நினைவூட்ட மாட்டாள். அதனால் பிழைத்த குடும்பங்கள் பல. அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் சினத்தைத் தள்ளுபடி செய்யும் தராசு, அன்பை மட்டும் எப்படி நிறுத்துக் கொடுக்கும்?

நண்பகல் உணவு வேளையில் ரெஜினாவின் கைப்பேசி ஒலித்தது. திரையில் அண்ணன் மிக்கேலின் பெயர். அருகே சிவப்புப் புள்ளி. 'பேசுபவர் உறக்கக் குறைவில் உள்ளார்' என்று இயந்திரக் குரல் அறிவித்துவிட்டு வழிவிட்டது.

"ரெஜினா, நான்தாம்ட்டி."

"தெரியுதுண்ணே. சிவப்புல இருக்க."

"இருந்துட்டுப் போவுது. நான் சொல்லுததக் கேளு. அம்மாவ நீ அடக்கம் பண்ணது சரிதான். நான் பேசுனதுதான் தப்பு. ஒரு தடவ வந்துட்டுப் போட்டி."

ரெஜினா சோற்றுக் கிண்ணத்தை மூடிவைத்தாள். ஒன்பது ஆண்டுகளாக அவள் ஏங்கிய சொல் அதுதான். தாய் இறந்தபோது மிக்கேல் ஆழ்கடலில் இருந்தான். புயலில் படகு திரும்ப வழியில்லை. மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு அவள் அடக்கம் செய்தாள். கரைக்கு வந்தவன் உடனே வாய் திறக்கவில்லை. இரவு முழுவதும் உறங்கி எழுந்து, மணிக்கட்டை அவள் கண்ணுக்கு நேரே நீட்டிக்கொண்டு, "பச்சையில சொல்லுதேன். நீ எனக்குத் தங்கச்சி இல்ல" என்றான்.

போன கிறிஸ்துமசுக்கு ஒருமுறை மஞ்சளில் அழைத்து அழுதான். அவன் இருந்த மணப்பாட்டுக்கு ஓடுவதற்காக அவள் பையெல்லாம் கட்டி வைத்தாள். மறுநாள் பச்சையானதும், "நேத்து மஞ்சள்ல ஒளறிட்டேன், விட்டுரு" என்றான். அந்தப் பையைப் பிரித்த கைகளுக்கு இன்னொரு முறை கட்டத் தெம்பில்லை.

"தூங்கிட்டுப் பேசுண்ணே," என்றாள். "இதையே பச்சையில ஒரு வார்த்த சொல்லு. அடுத்த பஸ்ஸுல நிப்பேன்."

"தூக்கம் எங்கட்டி வருது? படுத்தா மூச்சு முட்டுது. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு..."

உறக்கம் குறையக் குறையத் தன்னிரக்கம் பெருகும், சிறு வலியும் மலையாகும் என்பது பள்ளிப் பாடம். ரெஜினா அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

"நல்லாத் தூங்கி எந்திரி. எல்லாம் சரியாயிரும்," என்று கைப்பேசியை வைத்தாள். அப்போது அவள் பட்டை பச்சையாகத்தான் இருந்தது.

ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் கூடி, நன்றாக உறங்கியவர் பேச்சையே கேட்பது என்று முடிவெடுத்தனவாம். நல்ல முடிவுதான். அதற்கு முன் உறக்கங்கெட்ட குரங்கொன்று நிழலைப் பார்த்துக் கூச்சலிட்டு, மந்தையையே மடுவில் தள்ளியிருந்தது. ஒருநாள் மான் ஓடிவந்து, "புலி வருகிறது" என்றது. "நீ உறங்கினாயா?" "இல்லை." "உறங்கிவிட்டு வந்து சொல்." ஏன் உறங்கவில்லை என்று மானை எவரும் கேட்கவில்லை.

மிக்கேல் மீண்டும் மீண்டும் அழைத்தான். ஒவ்வொரு முறையும் சிவப்பு. ஒவ்வொரு முறையும் அவள், "தூங்குண்ணே, பச்சையானதும் கூப்பிடு" என்றாள். கடைசி அழைப்பில் அவன், "சரிட்டி, முயற்சி பண்ணுதேன்" என்றான். பிறகு கைப்பேசி ஒலிக்கவில்லை. உறங்குகிறான் போலும் என்று அவள் மகிழ்ந்தாள். பையைக்கூட எடுத்து வெளியே வைத்தாள்.

மறுநாள் பிற்பகலில் மிக்கேலின் பக்கத்து வீட்டு பிலோமினா அழைத்தாள். அழைப்பின் அருகே பச்சைப் புள்ளி இருந்தது. அதனால் ஐயப்பட இடமில்லை.

மணப்பாட்டு வீட்டில் மிக்கேலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூலையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அதன் கைகள் இரண்டும் தேய்ந்து பளபளத்தன.

"அதுலதான் ரெண்டு மாசமா ராவும் பகலும் குந்தியிருப்பாவ," என்றாள் பிலோமினா. "படுத்தா மூச்சு வராது பாத்துக்க. ரெண்டு நாளா மட்டும், 'படுத்துப் பாக்குதேன் மைனி, பச்சையாவணும்'னு பாயப் போட்டுப் படுத்தாவ. இரும இரும எந்திரிக்கவே இல்ல. சொன்னாக் கேக்கல."

அண்ணனின் தலைமாட்டில் அமர்ந்த ரெஜினா விடியும்வரை அசையவில்லை, கண்ணை மூடவுமில்லை.

மிக்கேல் கட்டியிருந்தது பழைய பட்டை. ரெஜினாவுடையது போன்ற புதியவை நாடியைப் பார்க்கும். பழையவற்றுக்கு உடல் அசையாதிருந்தால் அதுவே உறக்கம். அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. கோயில் மணி அடித்துப் பெட்டியைக் கொண்டுவந்தபோது, செபமாலை சுற்றிய அந்தக் கையில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் மெல்லப் பச்சையாகி நிலைத்து நின்றது.

முதலில் கண்டவள் ரெஜினாதான். அவள் குனிந்து, அவன் வாயருகே காதை வைத்தாள்.

"பச்சையாயிட்டுண்ணே," என்றாள். "இப்பச் சொல்லு. ஒரு வார்த்த சொல்லு, நம்புதேன். சிவப்புல நீ சொன்னதெல்லாம் பொய்யில்லன்னு எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. தெரிஞ்சுதான் இருந்துது."

பெட்டியைத் தூக்க வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பிலோமினா அவள் தோளை அணைத்துக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பி, ஊர் வழக்கப்படி, கனிவோடு சொன்னாள்:

"புள்ள சிவப்புல இருக்கா. அவ சொல்லுத எதையும் யாரும் மனசுல வச்சிக்கிடாதிய."