கூட்டுற பொண்ணு

"நேத்து உங்களை நேர்ல பார்த்ததுல ரொம்ப சந்தோஷம், வசுதா" என்று ஜெயவேல் போனில் சொன்னபோது எல்சி முதலில் சிரித்துவிட்டாள். நேற்று மாலை முழுக்க அவள் ராயபுரத்து வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு டெலிபோன் போர்டு வேலை. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ஜெயவேல், சாயங்காலமானால் ஏதாவது சாக்கு வைத்துக் கூப்பிடுவார். அவருக்காகவே தேன் குழைத்த குரலில் எல்சி ஒரு வசுதாவை உண்டாக்கி வைத்திருந்தாள். மயிலாப்பூர் வீடு, வீணை, ரிடையரான ஜட்ஜ் அப்பா. பொய்க்கு என்ன பஞ்சம்? போன வாரம் மட்டும் வாய் தவறி, "மழை வர மாதிரி கீது" என்று சொல்லிவிட்டாள்.

"யார் அது பேசினது?" என்றார் அவர்.

எல்சி சட்டென்று குரலை மாற்றிக்கொண்டாள். "இங்கே கூட்டுற பொண்ணு. பேர்கூடத் தெரியாது" என்றாள். அப்போது லைனில் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. ஜெயவேல்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. "நேத்தா? விளையாடாதீங்க."

"பீச் ஸ்டேஷன்ல அவ்வளவு நேரம் பேசினோமே! இன்னைக்கு ராயபுரத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போறேன்னீங்க. மயிலாப்பூர்க்காரிக்கு ராயபுரத்துல ஏது அம்மான்னு நான்கூடக் கேலி பண்ணேனே."

எல்சி வயரைப் பிடுங்கினாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. காசிமேட்டுக் கருவாட்டு நாற்றமும் ஐஸ் பாக்டரி நெடியும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. எங்கோ துறைமுகத்தில் ஒரு கப்பல் விடாமல் ஊதியது. அதற்கு நடுவிலும் காதுக்குள் அந்த மூச்சு, போர்டை விட்டு வந்த பிறகும் யாரோ லைனை வைக்காமல் காத்திருந்ததுபோல. ஆபீசில் அவளை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்சி என்று கூப்பிட இந்த உலகத்தில் அம்மா ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒருத்தியும் போய்விட்டால்?

சந்து இருட்டத் தொடங்கியிருந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா கதவைச் சாத்தியதே இல்லை. உள்ளே நெத்திலிக் குழம்பு கொதிக்கும் வாசனை. அதற்கு மேலே மல்லிகை. அம்மாவுக்குப் பூவே ஆகாது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மோவ், தொற! நான்தான் எல்சி வந்துகீறேன்!"

சிரிப்பு நின்றது.

வளையல் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம். மிக அருகில். மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

அதே மூச்சு.

"யாருடி எல்சி, வாசல்ல?" என்று அம்மா கேட்டாள்.

பதில் தேன் குழைத்து வந்தது. எல்சியின் குரல்.

"ஆபீஸ்ல கூட்டுற பொண்ணும்மா. பேர்கூடத் தெரியாது."

"பாவம், இந்நேரத்துக்கு இன்னாவாம்?"

எல்சி கத்தினாள். சத்தம் வரவில்லை. கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

கையில் துடைப்பம் இருந்தது.

இடுப்பு தானாக வளைந்தது. கை, அம்மாவின் வாசலைக் கூட்டத் தொடங்கியது.