உதிராத பன்

காலை 8.10. சாப்பாட்டு மேசையடியில் கிடந்த பெண்ணின் உயிர் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. உதடும் கண்ணிமையும் வீங்கியிருந்தன. அவளுக்குக் கோதுமை ஆகாது; உள்ளே போன சில நிமிடங்களில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவசர ஊசி போட்டும் பலிக்கவில்லை என்றார் மருத்துவர்.

வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் அழுகிறவர்களைச் சட்டென்று நம்பிவிட மாட்டார். அழாதவர்களையும் நம்ப மாட்டார். இங்கே வகைக்கு ஒருவராக இருந்தார்கள். செத்தவளின் தங்கை சுவரோரம் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். கணவன் ஜன்னலோரம் கல்லாய் நின்றான்.

“மாத்திப் போட்டுட்டா மேடம்,” என்றான் அவன், தங்கையைக் காட்டி. “சிவப்பு டப்பால எனக்குச் சாதா பன் மாவு. நீல டப்பால அவளுக்குக் குளூட்டன் இல்லாத மாவு. இது நேத்து வந்த பொண்ணு. பாவம், என்ன தெரியும்?”

குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள பசைச்சத்து. அது இல்லாத மாவில் சுட்டது கத்தி பட்டதுமே பொலபொலவென்று உதிரும். அப்படிப்பட்ட மாவில் எந்தக் கம்பெனியுடையது சாதா மாவுக்குக் கிட்டத்தில் வருகிறது என்று பார்க்க, ஞாயிறுதோறும் காலைப் பலகாரத்துக்கு இரண்டிலும் பன் சுடுவார்கள். அவன் இரண்டையும் தின்று பார்த்து நோட்டில் எழுதுவான். இரண்டு வருஷத்து வழக்கம். இன்றைய பக்கத்திலும் எழுதியிருந்தான்: ‘நீலம் - வழக்கம்போல உதிர்கிறது.’

8.25. இன்ஸ்பெக்டர் தங்கையிடம் குனிந்தார்.

“வழக்கமா யார் சுடுவாங்க?”

“அக்காதான். இன்னைக்கு அவங்க பெட்டி அடுக்கிட்டு இருந்தாங்க. அதான் நான் செய்றேன்னேன்.”

“பெட்டி எதுக்கு?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “என்கூட வந்துடறதா இருந்தாங்க. இனிமே இங்க திரும்பற எண்ணமே இல்ல.”

“மாவு பிசையும்போது வித்தியாசம் தெரிஞ்சுதா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல மேடம். என் கையாலயே அக்காவக் கொன்னுட்டேனே!”

8.40. சமையலறை. நீல டப்பாவிலிருந்து ஒரு பிடி மாவை எடுத்து, தண்ணீர் விட்டு இறுக்கிப் பிசைந்தார் இன்ஸ்பெக்டர். பத்து நிமிஷம் ஊறவிட்டுக் குழாயடியில் கழுவினார். குளூட்டன் இல்லாத மாவென்றால் முழுக்கக் கரைந்து ஓடிவிடும். இது ஓடவில்லை. ரப்பர் போல ஒரு கட்டி விரலில் ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்து கணவனிடம் காட்டினார். “நீல டப்பாவிலயே கோதுமைதான் இருக்கு. தங்கச்சி சரியான டப்பாவைத்தான் எடுத்திருக்காங்க.”

“அப்ப டப்பால நிரப்பும்போது என் பொண்டாட்டியே மாத்திக் கொட்டியிருப்பா.”

“இருக்கலாம். நீல டப்பா பன் நீங்க சாப்பிட்டீங்களா?”

“ரெண்டு வாய். மண்ணு மாதிரி உதிர்ந்துச்சு. நோட்டுல எழுதியிருக்கேனே.”

நுணலும் தன் வாயால் கெடும். தட்டில் மிச்சமிருந்த நீல டப்பா பன்னை இன்ஸ்பெக்டர் அவன் முகத்துக்கு நேரே பிய்த்தார். பஞ்சு போல இழுபட்டு வந்தது. ஒரு துகள்கூடக் கீழே விழவில்லை.

“ரெண்டு வருஷமா தின்னு பார்த்து எழுதற ஆள் நீங்க. உதிராத பன் கைக்கு வந்தா துள்ளிக் குதிச்சிருக்கணும், இல்ல ‘தின்னாத’ன்னு கத்தியிருக்கணும். ரெண்டும் செய்யல. உள்ளதை எழுதினா மனைவியைத் தடுக்காம விட்டது ஏன்னு கேள்வி வரும்னு, பழையதையே எழுதிட்டீங்க. மாவை மாத்தினது நீங்க. பழக்கமில்லாத கை பிசையட்டும்னு காத்திருந்து, பழியையும் அந்தக் கை மேலயே போட்டீங்க. அவங்க பெட்டி அடுக்கினது உங்களுக்குப் பொறுக்கல.”

கான்ஸ்டபிள் பக்கத்தில் வந்து நின்றார். கணவன் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கையின் தேம்பல் நின்றிருந்தது. அவள் எழுந்து அவனெதிரே வந்தாள்.

“மாமா, ‘இவ்வளவு மெத்துனு என்னைக்குமே வந்ததில்ல, உன் கைப்பக்குவம்டி’ன்னு அக்கா இன்னொண்ணு கேட்டாங்க. இன்னொண்ணு அவங்களுக்கு ஆகுமோன்னு நான் யோசிச்சேன். நீங்கதானே, ‘ஆசையாக் கேக்குறா, குடு’ன்னு சொன்னீங்க?”

அப்போதுதான் அவன் தலை குனிந்தான்.