இரண்டாவது கையெழுத்து

உடுமலையிலிருந்து கிளம்பிய பஸ் சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடியில் ஈரம் படியத் தொடங்கியது. மறையூரில் இறங்கி ஜீப் பிடித்து, காந்தலூருக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வாசலில் நான் நின்றபோது மதியம் ஒன்றரை மணி. அந்த நேரத்திலும் வராந்தாவில் ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. மூடுபனி வாசல்படிவரை வந்திருந்தது.

பதினாறு கட்டில்கள் போட்ட ஒரே வார்டு. அதன் கடைசியில் மருந்து அறை. பொறுப்பு நர்ஸ் கத்தரீனாள் என் நியமனக் கடிதத்தை வாங்கி, படிக்காமலே மடித்து வைத்தாள்.

"பேரு ஆனந்தியா? ஊரு?"

"கொழிஞ்சாம்பாறைங்க சிஸ்டர்."

"அப்ப எல்லாத்துக்கும் 'ங்க' போடுவ. ஊசிக்கும் போடுவியோ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இருபது வருடம் மலைக்குளிரில் வேலை பார்த்த முகம் அது, சீக்கிரம் அசைந்து கொடுக்காது.

எனக்கு மதிய ஷிப்ட், இரண்டு மணியிலிருந்து எட்டு மணிவரை. அந்த நேரத்தில் நர்ஸ் நான் ஒருத்திதான். டாக்டர் ஜிபி மறையூரில் தங்கியிருந்தார், கூப்பிட்டால் வருவார். கத்தரீனாள் மருந்துச் சீட்டுகள் செருகிய பலகையை என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு. இன்சுலின், பொட்டாசியம் போல அளவு தவறினால் ஆளைக் கொன்றுவிடும் மருந்துகளுக்கு நேரே இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் கொடுப்பவள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவதில், பக்கத்தில் நின்று குப்பியையும் அளவையும் சரிபார்த்த இன்னொரு நர்ஸ்.

"மத்தியானம் நான் ஒருத்திதானுங்களே. ரெண்டாவது யாருங்க?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"நீ முதல் கட்டத்தப் போடு. ரெண்டாவதப் பத்திக் கவலப்படாத."

முதல் மூன்று நாட்கள் நான் எல்லாவற்றையும் கல்லூரியில் பழக்கியபடியே செய்தேன். யாருக்கு, எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழி, எந்த நேரம் என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். குப்பியின் லேபிளை மூன்று தடவை படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் உறிஞ்சும்போது, திரும்ப வைக்கும்போது. அந்தப் பெரிய அமைதியில் என் குரலே எனக்குத் துணையாக இருந்தது. பேச்சு ஓய்ந்தால் ஓட்டுக்கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும்.

நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு அது வந்தது.

ஏழாம் கட்டில் முத்துப்பேச்சிக்கு இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வயது. தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளியவள். காலில் ஆறாத புண். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு இருபது யூனிட். மருந்து அறையில் வெளிச்சத்துக்கு எதிரே சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தபோது ஒரு வாசனை வந்தது. நனைந்த கம்பளியின் வாசனை. அதற்கடியில் லேசாக ஸ்பிரிட்.

இடது தோளுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

மூச்சு என் காதுமடலில் பட்டது. குளிர்ந்த மூச்சு.

திரும்பினேன். அலமாரியும் குளிர்ப்பெட்டியும் மட்டுமே இருந்தன.

ஊசி போட்டுவிட்டு வந்து சீட்டில் என் பெயரை எழுதக் குனிந்தேன். இரண்டாவது கட்டம் நிரம்பியிருந்தது. நீல மை. நீண்ட வால் உள்ள கையெழுத்து, வாலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். விரலால் தொட்டேன். மை இழுபட்டது.

மறுநாள் கத்தரீனாளிடம் கேட்டேன். "நீங்க முன்னாடியே போட்டு வெச்சுட்டுப் போயிட்டீங்களாங்க?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"மை ஈரமா இருந்துச்சுங்க."

"மஞ்சு எறங்குற ஊரு. இங்க எதுதான் காயுது." மூடுபனிக்கு அங்கே மஞ்சு என்றுதான் பேர். அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஏன் அன்றைக்கே மூட்டையைக் கட்டவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் தினமும் ஆறு மணிக்கு அந்த ஈரக் கம்பளி வாசனை வந்தது, தோளருகே மூச்சு நின்றது, எனக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. பதினாறு பேரின் உயிரைத் தனியாகக் கையில் வைத்திருப்பது எப்படிப்பட்ட பயம் என்று அதை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் இந்தப் பயம் சின்னது. இன்னொரு ஜோடிக் கண் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக வாய்விட்டுச் சொல்வதை நிறுத்தினேன். பிறகு மூன்று தடவை படிப்பது இரண்டானது. சில நாட்களில் ஒன்று.

பதினோராம் நாள் மழை. சின்னாறு ரோட்டில் மரம் விழுந்து மருந்து வண்டி வரவில்லை. ஆஸ்பத்திரியில் இன்சுலின் தீர்ந்திருந்தது. முத்துப்பேச்சியின் மகன் முந்தின நாளே உடுமலை மருந்துக்கடையில் ஒரு குப்பி வாங்கி வந்திருந்தான். கத்தரீனாள் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நாங்கள் எப்போதும் வைத்திருப்பது ஒரு மில்லியில் நாற்பது யூனிட் உள்ள மருந்து. அதற்கென்றே சிவப்பு மூடி சிரிஞ்சு, கோடுகள் அந்தக் கணக்கில் போட்டிருக்கும். ஒரு மில்லியில் நூறு யூனிட் உள்ள மருந்தும் உண்டு. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டு குப்பியும் ஒரே உயரம், உள்ளே ஒரே தண்ணீர் நிறம். சிரிஞ்சை மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகிவிடும். இதெல்லாம் முதலாண்டு மாணவிக்கும் தெரியும்.

ஆறு மணி. ஜன்னல் வெள்ளையாக இருந்தது. கம்பளி வாசனை வந்தது. சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்தேன், இருபதாவது கோடுவரை இழுத்தேன். தோளருகே மூச்சு. சீட்டைப் பார்த்தேன்.

கையெழுத்து போட்டாகிவிட்டது.

சரி, பின்னால் நிற்பவள் பார்த்துவிட்டாள்.

"தாயி, இன்னிக்கு ஒன் கை ஏன் இப்பிடிச் சில்லுனு இருக்கு?" முத்துப்பேச்சி வயிற்றுச் சேலையை விலக்கிக்கொண்டே கேட்டாள்.

"குளிருங்கம்மா."

"குளிரு எனக்குந்தேன் இருக்கு. எங்கைய என் மகன் புடிச்சா அடுப்புப் பக்கம் போற மாரி இருக்குங்கான்." பல்லில்லாமல் சிரித்தாள். ஊசியைப் போட்டேன்.

குப்பியைத் திரும்ப வைக்கும்போது லேபிள் தானாகவே என் பக்கம் திரும்பியிருந்தது. நான் திருப்பவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் நான் அதைப் படித்தேன்.

நூறு.

நூறு யூனிட்.

இருபது போட வேண்டிய உடம்பில் ஐம்பது போட்டிருந்தேன்.

முதுகுக்குப் பின்னால் மூச்சு இன்னும் நின்றது. வேகமில்லை, பதற்றமில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் அது என் கையிலிருந்த குப்பியைப் பார்த்ததே இல்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை.

அது கையெழுத்துப் போட மட்டும்தான் வந்தது.

ஓடினேன். முதலில் சர்க்கரைத் தண்ணீர். "குடிங்கம்மா, முழுசாக் குடிங்க." அவள் கேள்வி கேட்காமல் குடித்தாள். டாக்டர் ஜிபியைக் கூப்பிட்டேன். மூன்றாவது முயற்சியில் லைன் கிடைத்தது.

"டாக்டர், நான் தப்புப் பண்ணிட்டேனுங்க." எல்லாவற்றையும் சொன்னேன்.

"குளுக்கோஸ் டிரிப் போடு. கால் மணிக்கு ஒரு தடவ சுகர் பாரு. எழுபதுக்குக் கீழ போனா இருபத்தஞ்சு பெர்சென்ட் குளுக்கோஸ நரம்புல குடு. நான் கெளம்பிட்டேன். இந்த மஞ்சுல ஜீப் மெல்லத்தான் வரும். நீ அவங்கள விட்டு நகராத."

புண்ணுக்கான மருந்துக்காக அவள் கை நரம்பில் ஏற்கெனவே ஊசிக்குழாய் செருகியிருந்தது. டிரிப்பை மாட்டிவிட்டு விரலில் சர்க்கரை பார்த்தேன். நூற்றி அறுபது. கால் மணி கழித்து நூற்றிப் பதினெட்டு. அப்புறம் எண்பத்தொன்று.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பேரன் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தது, ரேஷன் அரிசியில் வண்டு. திடீரென்று பேச்சு குழறியது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது.

"யாரு தாயி, ஒனக்குப் பின்னால நனஞ்சு போயி நிக்குது?"

நான் திரும்பவில்லை.

ஐம்பத்திரண்டு.

இந்த முறை குளுக்கோஸ் குப்பியின் லேபிளை வாய்விட்டுப் படித்தேன். பெயர், அளவு, தேதி. மறுபடி படித்தேன். மூன்றாவது முறையும் படித்தேன். மெதுவாக நரம்பில் செலுத்தினேன். அவள் கண்கள் மேலே செருகின. விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன, பிறகு பிடி தளர்ந்தது.

வார்டில் ஒருவரும் இருமவில்லை. நீர் சொட்டும் சத்தம்கூட நின்றிருந்தது.

"ஊசி போட்டது போதும் தாயி," என்றாள் முத்துப்பேச்சி. "பசிக்குது. கஞ்சி கொண்டா."

நூற்றி நாற்பது. அப்போதுதான் அழுதேன்.

ஏழே முக்காலுக்கு டாக்டர் ஜிபி வந்தார். அவருடன் பக்கத்து லைன் வீட்டிலிருந்து கத்தரீனாளும். டாக்டர் நோயாளியைப் பார்த்தார், டிரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ராத்திரி முழுக்க நான் இவங்க பக்கத்துல இருக்கேன். நடந்தத நடந்தபடி எழுதிக் குடுத்துட்டுப் போ. நாளைக்கும் மறுநாளும் நீ டூட்டிக்கு வர வேண்டாம். அதுக்கப்புறம் பேசலாம்."

மருந்து அறையில் கத்தரீனாள் கதவைச் சாத்தினாள்.

"ரெண்டாவது கையெழுத்தப் பத்தி எழுதாத."

"அது யாருங்க சிஸ்டர்?"

அவள் மேஜையோரம் உட்கார்ந்தாள்.

"ஸ்ரீஜா. என்கூட வேல பாத்தவ. ஆறு வருசமாச்சு. அப்பல்லாம் மத்தியானம் போறவ சாயங்கால மருந்துக்கும் ரெண்டாவது கட்டத்துல முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவா. ஆள் கெடையாதுல்ல. ஒருநா நான் பொட்டாசியத்தக் கலக்காம நேரா நரம்புல குடுத்துட்டேன். ஆளு போயிட்டாரு. அவ அப்ப வீட்டுல இருந்தா. ஆனா அவ கையெழுத்து இருந்துச்சு. 'அவதான் பாத்துச் சரின்னா'ன்னு நான் சொன்னேன்." விரல் நகத்தால் மேஜை விளிம்பைச் சுரண்டினாள். "விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. மழையில ஜீப்புல கெளம்பினா. ஜீப்பு வந்து சேரல."

"இத்தன வருசமா அது நெறையுறத நீங்க பாத்துட்டு இருந்தீங்களா?"

"ஆடிட்டுக்கு வாரவன் கட்டம் நெறஞ்சிருக்கான்னுதான் பாப்பான். அது தானா நெறஞ்சிட்டு இருந்துச்சு. நாங்க யாரும் கேக்கல."

"கேட்டிருக்கணுமுங்க," என்றேன்.

எழுதினேன். குப்பியின் அளவைப் படிக்காமல் கொடுத்தேன். தவறு என்னுடையது. சரிபார்க்க யாரும் இல்லை. இரண்டாவது கட்டத்தில் உள்ள கையெழுத்தைப் போட்டவர் மருந்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே கோடு போட்டேன். கத்தரீனாள் படித்துவிட்டு, தன் பழைய தவறையும் இரண்டு வரியில் எழுதிச் சேர்த்தாள். அவள் கை நிதானமாக இருந்தது.

பழைய சீட்டை அறிக்கையோடு டாக்டரிடம் கொடுத்தோம். முத்துப்பேச்சிக்குப் புதுச் சீட்டு வேண்டும். ஒன்றை எடுத்து மேலே பெயரும் கட்டில் எண்ணும் மட்டும் எழுதி, பலகையில் செருகிவிட்டு வார்டுக்குப் போனேன். அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஒரு தடவை சர்க்கரை பார்த்தேன். நூற்றி முப்பத்தாறு.

அந்த எண்ணை எழுதத் திரும்பி வந்தேன். மருந்து அறையில் யாரும் இல்லை. வாசனையும் இல்லை. முதல்முறையாக அந்த அறை வெறும் அறையாக இருந்தது.

பலகையை விளக்கடியில் கொண்டுவந்தேன்.

புதுச் சீட்டில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது: நாளைய தேதி, நான் டூட்டிக்கு வரக் கூடாத நாள். மாலை ஆறு மணி. மருந்து கொடுத்தாயிற்று.

இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.

முதல் கட்டத்தில், மை இன்னும் காயாமல், என் கையெழுத்து.