வலது பக்கத்துக் கண்ணாடி

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் வேலைக்கென்று லப்பைக்குடிக்காட்டில் போய் இறங்குகிறவனைவிடப் பெரிய மடையன் இருக்க முடியாது. ஆண்கள் அத்தனை பேரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார்கள், கடைகள் அடைத்திருக்கும், ஒரு டீக்குக்கூட வழியிருக்காது. 1988 வைகாசியில் பெரம்பலூர் மெக்கானிக் ராசாங்கம் அந்த மடையனாக வந்து சேர்ந்தார்.

வீட்டு வாசலில் காதர் தொப்பியோடு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. காரு அந்தா நிக்குது. ஞாயித்துக்கிழம திருச்சி பார்ட்டி பாக்க வருது. வலது பக்கக் கண்ணாடி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. பாத்துக்கிட்டிருங்க, தொழுதுட்டு வந்துடறேன். உள்ள அண்ணி இத்தாவுல இருக்காங்க, கூப்புட்டுடாதீங்க."

இத்தா என்றால் ராசாங்கத்துக்குத் தெரியும். கணவன் இறந்தபின் நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது. காதரின் அண்ணன் ஜப்பார் பதினாறு வருஷம் துபாயில் கிடந்துவிட்டு, ஒரேயடியாக ஊர் திரும்பி, ஆறே வாரத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் கப்பலில் கொண்டுவந்த ஏழு வருஷத்துப் பழைய ஜப்பான் கார் இது. ஸ்டீரிங் இடது பக்கம். அங்கிருந்தே பட்டனை அமுக்கினால் வலது பக்கக் கண்ணாடிக்குள் இருக்கிற மோட்டார் அதைத் திருப்பும்.

"கண்ணாடியத் திருப்ப ஒரு மோட்டாரு! கை என்ன வெளங்காமயா போச்சு?" என்று முணுமுணுத்தபடி பானெட்டைத் தூக்கினார்.

பேட்டரி இல்லை. அது இருந்த தட்டில் தூசி படிந்திருந்தது.

சரி, முதலில் கண்ணாடி எந்தக் கோணத்தில் நிற்கிறதென்று பார்ப்போம் என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வெயிலில் நின்ற கார், தகித்திருக்க வேண்டும். சீட்டு ஜில்லென்றிருந்தது. அத்தர் வாசனை வேறு. இப்போதுதான் யாரோ பூசிக்கொண்டு இறங்கிய மாதிரி.

கண்ணாடியில் வீட்டின் பச்சை ஜன்னல் தெரிந்தது. அடைத்த ஜன்னல்.

ஙீ... என்று ஒரு முனகல்.

கண்ணாடி நகர்ந்தது.

ராசாங்கம் பட்டனைத் தொடவேயில்லை. இறங்கி, சுற்றிவந்து, கண்ணாடியின் பக்கத்தில் நின்றார். பேட்டரி இல்லாமல் மோட்டார் எப்படி ஓடும்?

"அண்ணே." ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல். "இப்ப நவுந்துச்சா?"

"ஆமாம்மா."

"நாந்தான் சபுரா. அவங்க ஊட்டுக்காரி." குரல் கிசுகிசுப்பாகத் தணிந்தது. "கார்ல நான் பின்சீட்டுல வலது ஜன்னலோரமா உக்காருவேன். பட்டன அமுக்கி, அந்தக் கண்ணாடியில என் மொகத்தப் பாத்துக்கிட்டே ஓட்டுவாங்க. பதினாறு வருசத்துப் பாக்கிப் பார்வ அண்ணே அது. இப்பவும் பாக்குறாங்க. மொதல்ல கேட்டுப் பக்கம் இருந்துச்சு. தெனம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி இந்த ஜன்னலுக்கு வந்துருச்சு."

"பயப்படாதம்மா. ஏதாச்சும் வயரு..."

"வயரா?" ஒரு வறண்ட சிரிப்பு. "நான் அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசிட்டா உள்ள வந்துருவாங்கண்ணே. என்னயும் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு வாழணும். இத்தா முடிய இன்னும் ஒம்போது நாளு. வாயத் தொறக்காம கெடக்கேன். கண்ணாடிய அந்தப் பக்கம் திருப்பி வுட்டுருங்க, புண்ணியமாப் போவும்."

பாவம், இவளும் எத்தனை வருஷம்தான் தனியாகக் கிடப்பாள் என்று ராசாங்கத்துக்கு மனசு பிசைந்தது. அந்த இரக்கத்தில் புத்தி வேலை செய்யவில்லை. இருபது வருஷம் அம்பாசடரில் செய்து பழகிய கை. கண்ணாடியை விரலால் அழுத்தி, ஜன்னலை விட்டு ஒரே தள்ளாகத் தள்ளினார்.

மோட்டார் கண்ணாடியைக் கையால் தள்ளக் கூடாது. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம்.

மளுக்கென்று உடைந்தது.

கண்ணாடி தலை கவிழ்ந்து தொங்கியது. இனி அதில் மண்ணைத் தவிர எதுவும் தெரியாது. தெருவில் காக்கைச் சத்தம்கூட நின்றுபோனது. ராசாங்கம் வேட்டியில் கையைத் துடைத்தார்.

டக். காரின் கதவு திறந்தது.

அந்தப் பக்கம். டிரைவர் பக்கம்.

"அண்ணே, கார் கதவ நீங்களா தொறந்தீங்க?"

"நான் இந்தப் பக்கம் நிக்கிறேம்மா," என்றார்.

அத்தர் வாசனை அவர் முகத்தைத் தொட்டுக்கொண்டு, வாசற்படியை நோக்கிக் கடந்து போனது. எட்டிப் பிடிக்கிற தூரம். பிடிக்க என்ன இருக்கிறது? சட்டென்று அவருக்குப் புரிந்தது. இத்தனை நாளாக அந்த மனுஷர் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தார். பார்க்க இருந்த ஒரே வழியை இவர் உடைத்துவிட்டார்.

"பேசாத தாயி! யாரு கூப்புட்டாலும் பேசாத!"

ஜன்னலுக்குப் பின்னால் அழுகை கேட்டது. வாய் பொத்திய அழுகை. வெகுநேரம். பிறகு அது நின்றது. வளையல்கள் இல்லாத கை முகத்தைத் துடைத்துக்கொள்ளுமளவு நேரம்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள் சபுரா. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஆசையாக.

பெண்சாதி வீரம்மாள் செத்த பிறகு ராசாங்கத்தை அப்படி யாரும் கேட்டதில்லை. தன்னைத்தான் கேட்கிறாள் என்று நம்பிவிட ஆசைப்பட்டு, "இன்னும் இல்லம்மா" என்று வாயெடுத்தார்.

"இன்னும் இல்ல புள்ள," என்றது உள்ளே ஓர் ஆண்குரல்.

சமையல்கட்டில் ஒரு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.