கையில் கட்டிய குரல்

"சீலா மீனு, இன்னிக்கு விடியக்காலம் பிடிச்சது" என்று லூர்துராஜின் குரல்பொறி சொன்னதும், தூத்துக்குடி ஏலக்கூடத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை. குரல் கூசிவிட்டது. மீன் நேற்றையது என்று கடைசி வரிசை வரைக்கும் தெரிந்துபோயிற்று.

புற்றுநோய்க்குக் குரலைப் பறிகொடுத்த பிறகு, பல வருடம் அவர் கழுத்துப் பொறியில் மட்டும்தான் பேசினார். கழுத்துத் தசையின் அசைவைப் படித்து, அது சொற்களைச் சரியாகச் சொல்லும். ஆனால் சாவுச் செய்தியையும் கல்யாண அழைப்பையும் ஒரே மாதிரி சொல்லும். அதை வைத்துக்கொண்டு மனுஷன் ஏலம் விட முடியுமா? சமீபத்தில் வந்த உணர்பட்டைதான் அவரைக் கூடத்துக்குத் திரும்ப அழைத்துவந்தது. மணிக்கட்டில் கட்டினால் நாடியையும் வியர்வையையும் அளந்து, மனதில் இருப்பதைக் குரலில் ஏற்றிவிடும். ஒரே தொல்லை, பொய் எடுபடாது. ஏலக்காரனுக்கு இது சின்னத் தொல்லையா என்ன?

வீட்டில் மகள் ஜெசிந்தா அவருக்காகக் காத்திருந்தாள். கப்பல் தளத்தில் வெல்டிங் செய்கிறவள். நிலவுத்தளத்தில் ஓராண்டு வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிரப் போறேன்" என்றாள். "எனக்கு அதுல இஷ்டமில்ல. உங்கள விட்டுட்டு அங்க போயி என்ன செய்ய?"

குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சொந்தத் தொண்டை உள்ளவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

லூர்துராஜ் பட்டையைக் கழற்றி அவள் மணிக்கட்டில் கட்டினார்.

"என்ன செய்யுதீங்க?"

அவள் சொன்னதையே அவர் திருப்பிச் சொன்னார். "எனக்கு அதுல இஷ்டமில்ல."

சொல் அவருடையது, நாடி அவளுடையது. கழுத்துப் பொறியிலிருந்து வந்த குரல் ஏங்கியது. பண்டிகைக்கு முதல் நாள் துணிக்கடை வாசலில் நிற்கும் பிள்ளை மாதிரி ஏங்கியது. ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போயிட்டு வா, ஜெசி" என்றார்.

குரல் துள்ளியது. அதில் துக்கம் துளியும் இல்லை. அவருக்கு அப்பாடா என்றிருந்தது. பட்டை வந்த பிறகு அவர் சொல்லி எடுபட்ட முதல் பொய் அது.

ஜெசிந்தா தன் கையைப் பார்த்தாள். "இது என் சந்தோசம்லா? உங்களுது எங்க?"

பட்டையை அவிழ்த்து அவர் கையில் இறுக்கிக் கட்டினாள். "இப்பச் சொல்லுங்க."

தப்ப வழியில்லை. "போயிட்டு வா" என்றார். குரல் நடுவில் உடைந்தது. ஆனால் உடைந்த இடத்துக்குக் கீழே பெருமை இருந்தது, ஊரைக் கூட்டிச் சொல்கிற மாதிரியான பெருமை. அப்படி ஒன்று தனக்குள் இருப்பது, தன் காதால் கேட்ட பிறகுதான் லூர்துராஜுக்கே தெரிந்தது.

"அழுதாலும் பரவாயில்ல" என்றாள் ஜெசிந்தா. "இத நம்பிப் போகலாம்."

வருகிறேன் என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.