அண்ணன் வாய் திறக்கக் கூடாது

அண்ணன் ஓர் இணையதளம் செய்திருந்தான். நாம் இதுவரை கேட்காத பாட்டுகளைத் தேடித் தரும் தளம். திங்கட்கிழமை அதைக் கல்லூரியில் எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும்.

"பத்துப் பேர்கிட்ட காட்டிட்டேன், வாலு. பத்துப் பேரும் அருமைன்னுட்டாங்க!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

வாலு என்பது நான்தான். "அதுல யாராவது மறுபடி வந்து பாட்டு கேட்டாங்களா?" என்றேன்.

அண்ணன் லேப்டாப்பில் பார்த்தான். காலர் தானாக இறங்கியது. "ஒருத்தர்கூட வரல."

"நீ காட்டும்போது என்ன பண்ணுவே?"

"பக்கத்துல நின்னு, எங்க தட்டணும்னு சொல்லுவேன்."

"அப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நிப்பியா?"

அண்ணன் முறைத்தான். ஆனால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

கீழ்வீட்டில் தையல்கார அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும் முன் அண்ணனிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன். "இதை வாயில வச்சுக்கோ. முழுங்கக் கூடாது. அப்பத்தான் பேச மாட்டே."

அவன் கன்னம் உப்பிக்கொண்டு நின்றான்.

"தம்பிக்குப் பல்வலியா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா, சோதனை. இதுல புதுசா ஒரு பாட்டு கேளுங்க, பார்க்கலாம்."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தளம் முதலில் பெயர் கேட்டது. பிறகு வயது, மின்னஞ்சல், பாஸ்வேர்டு. பிறகு பிடித்த பாடகர்கள் பன்னிரண்டு பேர்.

"பன்னிரண்டு பேரா? தெரியாத பாட்டைக் கேக்கத்தானே வந்தேன்! இதென்ன பரீட்சையா?"

"ம்ம்! ம்ம்!" என்றான் அண்ணன். நான் அவன் காலை மிதித்தேன்.

அடுத்த பக்கத்தில் பெரிய கிட்டார் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதை ஏழு முறை தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அது வெறும் படம். பாட்டைப் போடும் பட்டன் மூலையில், வெள்ளைத் தாளில் சுண்ணாம்பால் எழுதியதுபோல, கண்ணுக்கே தெரியாமல் கிடந்தது. விரல் தடுமாறிய இடங்களை எல்லாம் நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கடைசியில் அக்கா அன்பாகச் சிரித்தார். "ரொம்ப அருமையா இருக்குப்பா."

அண்ணன் மடக்கென்று தண்ணீரை விழுங்கினான். "ஒரு பாட்டுகூட கேக்கலையே அக்கா!"

"அட, பாட்டு வேற வருமா?"

மாடிப்படி ஏறும்போது அவன் முணுமுணுத்தான். "அந்தக் கிட்டாரை வரைய மூணு நாள் ஆச்சு. தூக்கிடணுமா?"

பாவமாக இருந்தது. அது உண்மையிலேயே அழகான கிட்டார். "எதுக்குத் தூக்கணும்? எல்லாரும் அதைத்தானே தட்டுவாங்க? தட்டினா பாட்டு வரட்டும். மத்த கேள்வியெல்லாம் நாலு பாட்டு கேட்டப்புறம் கேளு."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு படிகளில் தாவி ஓடினான்.

மாலையில் மறுபடி கீழே போனோம். அக்கா கிட்டாரைத் தட்டினார். தந்திகள் அதிர, யாரோ ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். அக்காவின் கால் மெஷினைத் தாளத்தோடு மிதித்தது.

"அக்கா, லேப்டாப்..." என்று இழுத்தான் அண்ணன்.

"இருப்பா, இந்தப் பாட்டு முடியட்டும்."

அது முடிந்ததும் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

நான்காவது பாட்டில் அக்கா ஒரு சட்டையை அவன் தோளில் போட்டார். "சும்மா நிக்கிறதுக்கு இந்தப் பட்டனையாவது தைச்சுக் கொடு."

அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தான்.